குரூப் டிஸ்கஷனில் வாயே திறக்க முடியவில்லை. தன்னம்பிக்கையை எங்கிருந்து தொடங்குவது?

தொப்பூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது. பன்னிரண்டாவது வரை தர்மபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி, முழுக்கத் தமிழ் வழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோயம்புத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடுவதால் வீட்டுக்குப் பெரிய சுமை இல்லை. அரியர் கிடையாது, சிஜிபிஏ எட்டுக்கு மேல், ஆப்டிட்யூட் தேர்வையும் சமாளித்துவிடுவேன்.

பிரச்சினை பேசுவதில்தான். அடுத்த செமஸ்டரில் பிளேஸ்மென்ட் தொடங்குகிறது, அதற்காகக் கல்லூரியில் மாதிரி குரூப் டிஸ்கஷன் வைத்தார்கள். செயற்கை நுண்ணறிவு வேலைகளைப் பறிக்குமா என்பது தலைப்பு. எனக்குச் சொல்ல விஷயம் இருந்தது. ஆனால் அதை மனசுக்குள் ஆங்கிலத்தில் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது, மறுபடி கோக்க ஆரம்பித்தால் மறுபடி அப்படியே. கடைசியில் பயிற்சியாளர் நீ ஏன் பேசவே இல்லை என்று எல்லார் முன்னாலும் கேட்டார், அப்போது தமிழில்கூடப் பதில் வரவில்லை. "கான்ஃபிடன்ஸ் வளர்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த குழுவைக் கூப்பிட்டுவிட்டார்.

எப்படி வளர்ப்பது என்றுதான் யாரும் சொல்வதில்லை. வீடியோக்களில் கண்ணாடி முன்னால் நின்று என்னால் முடியும் என்று சொல்லச் சொல்கிறார்கள், இடுப்பில் கை வைத்து இரண்டு நிமிடம் நிமிர்ந்து நிற்கச் சொல்கிறார்கள். இரண்டும் செய்து பார்த்தேன், எதுவும் மாறின மாதிரி தெரியவில்லை. இன்னொன்று, பெரியவர்களிடம் பேசும்போது எனக்குத் தலை தானாகக் குனிந்துவிடும். எங்கள் வீட்டில் அதுதான் மரியாதை, இங்கே வந்தால் அதையே பயம் என்கிறார்கள்.

முதலில் ஆங்கிலத்தைச் சரிசெய்ய வேண்டுமா, தன்னம்பிக்கையையா? அண்ணன்கள், அக்காக்கள் யாராவது உண்மையாகச் சொல்லுங்கள், ஆறுதலுக்காகச் சொல்ல வேண்டாம்.

பேனலில்_உட்காருபவன்:

தங்கச்சி, நான் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன், கேம்பஸ் இன்டர்வியூ பேனலில் தொடர்ந்து உட்காருகிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எதைப் பார்க்கிறோம் என்று சொல்கிறேன், முடிவை நீயே எடு.

நாங்கள் மேடைப் பேச்சாளரைத் தேடவில்லை. கல்லூரி முடித்து வருகிற ஒருவரிடம் மூன்று விஷயம்தான் பார்க்கிறோம்: தான் செய்ததை இன்னொருவருக்குப் புரியும்படி சொல்கிறாரா, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாரா, சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வாரா. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒருவர் பின் ஒருவராக "ஐ ஆம் எ ஹார்ட் வொர்க்கர், குயிக் லேர்னர்" என்று ஒரே மனப்பாடத்தைக் கேட்கிறோம், அதில் யார் யார் என்று எங்களுக்கே நினைவில் நிற்பதில்லை.

நினைவில் நிற்கிறவர்கள் வேறு மாதிரி. உங்கள் இசிஇ பிள்ளைகளில் பாதிப் பேர் மண் ஈரப்பதம் பார்த்துத் தண்ணீர் பாய்ச்சும் புராஜெக்ட் கொண்டுவருவார்கள். எல்லாரும் பிளாக் டயகிராம் சொல்வார்கள். ஒரு பெண் மட்டும் தடுமாற்றமான ஆங்கிலத்தில், முதலில் ரெசிஸ்டிவ் சென்சார் போட்டோம், அதில் மின்சாரம் நேரடியாக மண் வழியாகப் போவதால் கொஞ்ச நாளிலேயே முனை அரித்துப்போய் அளவு தப்பாக வந்தது, அதனால் உலோக முனை நேரடியாக மண்ணில் படாத கெபாசிடிவ் வகைக்கு மாறினோம் என்று சொன்னாள். அந்த இடத்தில் பேனலில் இருந்த எல்லாரும் நிமிர்ந்துவிட்டோம். இலக்கணத் தப்பு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அவள் குரலில் நடுக்கம் இல்லை, ஏனென்றால் சொன்னது அவள் கையால் செய்தது. உன் புராஜெக்டில் அந்த மாதிரி ஓர் இடம் கட்டாயம் இருக்கும். எது உடைந்தது, ஏன் உடைந்தது, என்ன செய்து சரியானது. அதைத் தேடி எடு, உன் இன்டர்வியூவே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

குரூப் டிஸ்கஷனுக்கு வருகிறேன். முதல் இரண்டு நிமிடம் கூச்சல்தான், அதில் இறங்கி முட்டி மோத வேண்டியதில்லை. பேப்பரில் குறித்துக்கொண்டிரு. அப்புறம் யாராவது ஒருவர் மூச்சு வாங்க நிறுத்துவார், அப்போது அவர் கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போ. "ஐ வான்ட் டு ஆட் டு வாட் ஷி செட்" என்கிற மாதிரி மூன்று நான்கு தொடக்க வாக்கியங்களை இப்போதே வாய்க்குப் பழக்கிவைத்துக்கொள். தொடக்கம் தானாக வந்துவிட்டால், மீதியை யோசிக்க ஒன்றிரண்டு நொடி கிடைக்கும். இரண்டு வாக்கியம், ஓர் உதாரணம், நிறுத்து. முழு வாக்கியத்தையும் மனசில் கட்டி முடித்த பிறகுதான் பேசுவேன் என்று காத்திருந்தால், நிறுத்தத்தில் நிற்காமல் போகும் டவுன் பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டு நிற்கிற கதைதான்.

தலை குனிவதைப் பற்றி. கேள்வி கேட்பவர் முகத்தைப் பார்த்துக் கேள், பதில் யோசிக்கும்போது எங்கே வேண்டுமானாலும் பார், பதில் சொல்லி முடிக்கும்போது மறுபடி முகத்தைப் பார். அவ்வளவு போதும். முறைத்துக்கொண்டே இருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

சேலத்து_அக்கா:

நானும் அரசுப் பள்ளி, நானும் தமிழ் வழி, இப்போது பெங்களூரில் டெஸ்டிங் டீமில் இருக்கிறேன். மேலே அண்ணன் சொன்னதில் புராஜெக்ட் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இலக்கணம் பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு தொனி வருகிறது பாருங்கள், அதை மட்டும் நம்பிக்கொண்டு எந்தப் பிள்ளையும் போய்விடக் கூடாது. அவர் மாதிரி பொறுமையாகக் கேட்கிறவர் முன்னால் போய் உட்காருவதற்கு முன்னாலேயே பல கம்பெனிகளில் கணினியில் பேச்சுத் தேர்வு வந்துவிடுகிறது. ஹெட்செட் மாட்டிக்கொண்டு திரையில் வருவதை வாசிக்க வேண்டும், கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், ஒரு தலைப்பில் சில நொடி பேச வேண்டும். உன் புராஜெக்டில் எந்த முனை அரித்தது என்று அந்த மென்பொருள் கேட்காது. அதனால் ஆங்கிலமும் வேண்டும்.

முதலில் எது என்று கேட்டாயே பாப்பா, இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கவே முடியாது என்பதுதான் என் பதில். உனக்கு ஆங்கிலம் தெரியாது என்று இல்லை. மூன்று வருடமாக ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி எட்டுக்கு மேல் வாங்குகிறாய். கண்ணுக்கும் கைக்கும் பழகின மொழி வாய்க்குப் பழகவில்லை, அவ்வளவுதான். டவுனில் வளர்ந்த பிள்ளைகள் வீட்டிலும் டியூஷனிலும் சின்ன வயதிலிருந்து வாயால் பேசிவிட்டார்கள். அது அவர்களுக்குக் கிடைத்த கூடுதல் நேரம், கூடுதல் மூளை இல்லை. இதை யாராவது முதல் வருடத்திலேயே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

வாய்க்குப் பழக்க நான் செய்தது இது. விடுதியில் ராத்திரி சாப்பிட்ட பிறகு அறைத் தோழியிடம் அன்றைக்கு நடந்த ஒரு பாடத்தை முதலில் தமிழில் சொல்வேன், உடனே அதையே ஆங்கிலத்தில் சொல்வேன். முதலில் தமிழில் சொல்லிவிடுவதால் விஷயம் தெளிவாகிவிடும், அப்புறம் வார்த்தை மட்டும்தான் தேட வேண்டியிருக்கும். வார்த்தை சிக்காவிட்டால் நிறுத்தாதே, சுற்றி வளைத்துச் சொல்லி முடி. அந்தச் சுற்றி வளைக்கும் பழக்கம்தான் பின்னால் இன்டர்வியூவில் காப்பாற்றும். போனில் பதிவு செய்து கேள். முதல் முறை கேட்க ரொம்பச் சங்கடமாக இருக்கும், ஆனால் எங்கே வேகமாக ஓடுகிறாய், எங்கே முழுங்குகிறாய் என்று நீயே கண்டுபிடித்துவிடுவாய். முக்கால்வாசிப் பேருக்குப் பிரச்சினை வேகம்தான், பயத்தில் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று ஓடுகிறோம்.

கல்லூரியில் தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் என்னென்ன பயிற்சி ஓடுகிறது என்று கேட்டுப் பார், 2022 முதல் நடக்கிறது. திறன் பயிற்சியோடு பேச்சுப் பயிற்சியும் இருந்தால் விடாதே. நிறையப் பேர் வருகைப் பதிவுக்காக மட்டும் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள், நீ முதல் வரிசையில் உட்கார். வகுப்பில் ஒரு நாளைக்கு ஒரு கேள்வி சத்தமாகக் கேள், சந்தேகம் இல்லாவிட்டாலும் கேள். நாற்பது பேர் முன்னால் உன் குரல் உன் காதிலேயே விழுந்து பழக வேண்டும்.

உடை விஷயத்தில் ரொம்பச் செலவழிக்காதே. அயர்ன் செய்த பருத்திச் சுடிதார் போதும். செருப்போ ஷூவோ புதிதாக வாங்கினால் முன்னாடியே போட்டுப் பழகிவிடு, அன்றைக்குக் கால் கடித்தால் கவனமெல்லாம் அங்கேதான் இருக்கும்.

உளவியல்_வகுப்பு:

கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறேன். கண்ணாடி, இடுப்பில் கை இரண்டும் வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அது உங்கள் குறை இல்லை அம்மா.

இடுப்பில் கை வைத்து நிற்கும் யோசனை 2010ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்விலிருந்து பரவியது, அதில் பங்கெடுத்தவர்களே 42 பேர்தான். அப்படி நின்றால் உடலின் ஹார்மோன் அளவே மாறும் என்றார்கள். 2015ல் வேறொரு குழு 200 பேரை வைத்துச் செய்து பார்த்தபோது ஹார்மோனிலும் மாற்றமில்லை, நடத்தையிலும் மாற்றமில்லை, நிற்பவர்களுக்குக் கொஞ்சம் தெம்பாக இருப்பதாகத் தோன்றியது மட்டும்தான். அடுத்த வருடம் முதல் ஆய்வை எழுதியவர்களில் முதன்மையானவரே இந்த விளைவு உண்மை என்று தான் இப்போது நம்பவில்லை என வெளிப்படையாக எழுதினார். ஆனால் வீடியோக்கள் இன்னும் 2010லேயே நிற்கின்றன. கண்ணாடி விஷயமும் அப்படித்தான். 2009ல் கனடாவில் வந்த ஆய்வில், ஏற்கெனவே தன்னைத் தாழ்வாக நினைப்பவர்கள் தங்களைப் பற்றி உயர்வான வாக்கியம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனநிலை இன்னும் இறங்கியதைப் பார்த்தார்கள். வாய் சொல்வதை உள்ளே இருக்கும் மனசு மறுத்துக்கொண்டே இருக்கும்போது வேறென்ன நடக்கும்.

சரி, எதுதான் வேலை செய்யும்? ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977ல் எழுதியது இன்றைக்கும் நிற்கிறது. ஒரு குறிப்பிட்ட காரியம் என்னால் முடியும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார், அதில் மற்ற எல்லாவற்றையும்விடப் பலமானது, அந்தக் காரியத்தைத் தானே செய்து முடித்த அனுபவம். அடுத்தது, தன்னைப்போன்ற நிலைமையில் இருந்த ஒருவர் செய்வதைப் பார்ப்பது. சேலத்து அக்கா இங்கே எழுதியது அதனால்தான் உங்களுக்குப் பெரிய நடிகர்களின் வெற்றிக் கதையைவிட உதவும். மூன்றாவது மற்றவர்கள் சொல்லும் தெம்பான வார்த்தை, நான்காவது அந்த நேரத்தில் உடம்பு இருக்கும் நிலை. உங்கள் பயிற்சியாளர் மூன்றாவதை மட்டும், அதுவும் அரைகுறையாகக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். குறிப்பிட்ட காரியம் என்ற சொல்லைக் கவனியுங்கள். பொதுவாகத் தன்னம்பிக்கை என்று ஒன்றை மொத்தமாகச் சேர்த்துக்கொண்டு வந்து எல்லா இடத்திலும் செலவழிப்பது நடக்கிற காரியம் இல்லை. ஆப்டிட்யூட் தேர்வில் உங்களுக்குப் பயமில்லை, ஏனென்றால் நிறையப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். குரூப் டிஸ்கஷனையும் அதே மாதிரி போட்டுப் பார்க்க வேண்டும். நாலு பேரை வைத்துக்கொண்டு, தமிழிலேயே தொடங்கி, தோற்றாலும் யாரும் மதிப்பெண் குறைக்காத இடத்தில்.

உடம்பு நிலையைப் பற்றி இரண்டு விஷயம். கை நடுங்குவது, நெஞ்சு அடிப்பது எல்லாம் மற்றவர்களுக்கு அப்பட்டமாகத் தெரிகிறது என்று நமக்குத் தோன்றும், அவ்வளவு தெரிவதில்லை. 2003ல் வந்த ஆய்வு ஒன்றில், பேசப்போகும் மாணவர்களிடம் இந்த ஒரு தகவலை மட்டும் முன்கூட்டிச் சொன்னார்கள், உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவு வெளியே தெரியாது என்று. அதைத் தெரிந்துகொண்டு பேசியவர்களின் பேச்சு மற்றவர்களுடையதைவிட நன்றாக அமைந்தது, கேட்டவர்களும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள். அடுத்தது 2014ல் ஹார்வர்டில் வந்தது. பேசுவதற்கு முன்னால் நான் அமைதியாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, நான் உற்சாகமாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். நெஞ்சு அடிப்பதை அடக்கப் பார்ப்பது கடினம், அதே படபடப்புக்கு வேறு பெயர் வைப்பது சுலபம்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். கூட்டத்தை நினைத்தாலே தூக்கம் போகிறது, வகுப்புக்கே போகப் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்கிற அளவுக்கு இருந்தால் அது கூச்சத்தைத் தாண்டியது, கல்லூரி ஆலோசகரையோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவையோ தயங்காமல் பாருங்கள்.

ஞாயிறு_கூட்டம்:

உளவியல் வகுப்பு ஐயா சொன்ன மதிப்பெண் குறைக்காத இடம் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. மேடையில் பேசிப் பழகுவதற்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகள். 1924ல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது, சென்னை, கோவை என்று நம் ஊர்களிலும் நடக்கிறது. விருந்தினராகப் போய்ச் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். முதல் பேச்சு உங்களைப் பற்றி நீங்களே நான்கிலிருந்து ஆறு நிமிடம் பேசுவது. டேபிள் டாபிக்ஸ் என்று ஒன்று உண்டு, தலைப்பை அங்கேயே கொடுப்பார்கள், ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும், உங்கள் பிரச்சினைக்கு அதுதான் மருந்து. எத்தனை முறை "ஆ", "ம்" போட்டீர்கள் என்று எண்ணுவதற்கே ஓர் ஆளை நியமித்திருப்பார்கள், ஆனால் யாரும் கேலி செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போக முடியாவிட்டால் விடுதியில் நீங்களே அதே முறையில் நடத்துங்கள், டைமருக்கு ஒரு போன் போதும்.

பெரிய ஆட்களுக்கும் இந்தக் கூச்சம் இருந்தது. காந்தி லண்டனில் படிக்கும்போது சைவ உணவுச் சங்கக் கூட்டத்தில் எழுதிக்கொண்டு போனதைக்கூட எழுந்து வாசிக்க முடியாமல் இன்னொருவர் வாசித்தார். பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கில் எழுந்து நின்றவருக்கு ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை, கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே மனிதர் 1893ல் பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகளைக் கூட்டிப் பேசினார். வியாபாரத்தில் உண்மையாக இருப்பதைப் பற்றி, நன்றாகத் தயாரித்துக்கொண்டு போய். அதுதான் தன் வாழ்க்கையின் முதல் பொதுப்பேச்சு என்று சொல்லலாம் என அவரே எழுதியிருக்கிறார். அவர் கூச்சம் அதற்கப்புறமும் முழுதாகப் போய்விடவில்லை.

தொப்பூர்க்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நிதானமாக இரண்டு தடவை படித்தேன். எங்கள் புராஜெக்டில் பேட்டரி சீக்கிரம் இறங்கிய பிரச்சினை ஒன்று இருந்தது, வேலை இல்லாத நேரத்தில் சிப்பைத் தூங்கவைக்கும் டீப் ஸ்லீப் போட்டுச் சரிசெய்தோம், அதைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். எங்கள் விடுதியில் அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறோம், இன்று ராத்திரி அவர்களைக் கேட்கப்போகிறேன். பேனல் அண்ணாவிடம் ஒரே ஒரு கேள்வி: எல்லாம் தயாரித்துப் போயும் நடுவில் ஒன்றுமே தோன்றாமல் வெறுமையாகிவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்வது?

பேனலில்_உட்காருபவன்:

டீப் ஸ்லீப் அருமையான விஷயம். முன்னால் எவ்வளவு மின்சாரம் இழுத்தது, மாற்றின பிறகு எவ்வளவு என்று மல்டிமீட்டரில் அளந்து இரண்டு எண்ணும் கையில் வைத்துக்கொண்டு போ, பேனல் அடுத்த கேள்வியே அதைத்தான் கேட்கும்.

வெறுமையானால் முதலில் வாயை மூடு. நிஜமாகத்தான் சொல்கிறேன், அந்த நேரத்தில் எதையாவது பேசி நிரப்பப் பார்ப்பதுதான் சிக்கலை உண்டாக்குகிறது. நாலைந்து நொடி மௌனம் உனக்கு ஒரு யுகம் மாதிரி தெரியும், எங்களுக்கு அது யோசிக்கிறாள் என்று மட்டும்தான் தெரியும், நாங்கள் அந்த நேரத்தில் உன் ரெஸ்யூமேயைப் பார்த்துக்கொண்டிருப்போம். மூச்சை மெதுவாக வெளியே விடு. அதன் பிறகும் வரவில்லை என்றால் "குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் த க்வெஸ்சன்" என்று கேள், அது எல்லாரும் கேட்பதுதான், யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. திரும்பச் சொல்லும்போது பெரும்பாலும் கேள்வி இன்னும் எளிதாக வரும். அப்போதும் தெரியவில்லை என்றால் "ஐ டோன்ட் நோ திஸ், சர்" என்று நேராகச் சொல், அதற்குப் பக்கத்தில் உனக்குத் தெரிந்தது ஏதாவது இருந்தால் அதை ஒரு வரி சொல். ஆங்கிலம்தான் தடை என்றால் இந்த ஒரு பதிலைத் தமிழில் சொல்லலாமா என்று கேட்டுவிடு, பேனலில் தமிழ் தெரிந்தவர் இருந்தால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, நான் இருந்தால் நிச்சயம் ஒத்துக்கொள்வேன்.

உங்கள் நாலு பேர் குழுவுக்குத் தலைப்பு வேண்டுமென்றால் இங்கேயே கேள், உண்மையான இன்டர்வியூக்களில் கேட்கிற மாதிரி தலைப்புகளாகப் போடுகிறேன்.